ஊர்ப்புற நிலத்தில் வீடு: மனைப்படம் முதல் கூரைத் தளம் வரை

நகரத்து மனையில் தெரு, சாக்கடை, குடிநீர்க் குழாய், மின்கம்பம் எல்லாம் உங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருக்கும். மிச்சமிருக்கிற செவ்வகத்துக்குள் வீட்டை அடக்கினால் போதும். ஊர்ப்புற நிலத்தில் ஒன்றும் முடிவாகியிருக்காது. தண்ணீர் எங்கிருந்து வரும், கழிவுநீர் எங்கே போய் இறங்கும், மழைநீர் எந்தப் பக்கம் ஓடும், லாரி எப்படி உள்ளே வரும் என்று ஒவ்வொன்றுக்கும் நீங்களே இடம் ஒதுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் வீட்டுக்கு இடம்.

புதிதாகக் கட்டுபவர்களில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் ஆசை ஆசையாக வீட்டு வரைபடம் வரைந்து, அதை நிலத்தின் நடுவில் வைத்துவிடுவார்கள். கடைசியில் செப்டிக் டேங்குக்கு இடம் தேடும்போது கிணற்றுப் பக்கம்தான் மிஞ்சியிருக்கும். ஆகவே இங்கே எல்லாம் வேலை நடக்க வேண்டிய வரிசையிலேயே சொல்லப்படுகிறது.

பத்திரமும் எல்லையும்

இந்தப் பகுதி சலிப்பானது, ஆனால் தவிர்க்க முடியாதது. விவசாய நிலமாகப் பதிவான இடத்தில் வீடு கட்ட, பல நாடுகளில் நில வகையை மாற்ற வேண்டும் அல்லது தனி அனுமதி பெற வேண்டும். பொதுச்சாலையிலிருந்து உங்கள் நிலத்துக்கு வரும் பாதை வேறொருவர் நிலத்தின் வழியே வந்தால், அந்தப் பாதை உரிமை பத்திரத்தில் அகலத்தோடு எழுதப்பட்டிருக்க வேண்டும். “எல்லாரும் இப்படித்தான் போகிறோம்” என்ற வாய்ப்பேச்சு, நிலம் கைமாறியதும் வேலியாகிவிடும். எல்லைகளை அளவர் வைத்து அளந்து கல் நடுங்கள். பழைய வேலி இருக்கிற இடமே எல்லை என்று நம்பாதீர்கள். சாலை, ஓடை, நீர்நிலை, உயரழுத்த மின்கம்பி ஆகியவற்றிலிருந்து விட வேண்டிய இடைவெளியை உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நிலத்தைப் பார்ப்பது எப்படி

நல்ல மழை கொட்டிய மறுநாள் நிலத்துக்குப் போங்கள். எங்கே தண்ணீர் தேங்கியிருக்கிறது, எந்தத் தடத்தில் ஓடியிருக்கிறது, பக்கத்து நிலத்து நீர் எந்த மூலை வழியே உள்ளே நுழைகிறது என்பதெல்லாம் அன்றைக்குக் கண்ணுக்குத் தெரியும். கோடையில் பார்த்தால் எல்லா நிலமும் சமமாகத்தான் தெரியும். மரத்தண்டிலோ பழைய சுவரிலோ வெள்ளத்தின் கறை இருக்கிறதா என்று பாருங்கள். நெடுநாள் அங்கே குடியிருப்பவர்களிடம் ‘அதிகபட்சம் எதுவரை தண்ணீர் வந்தது’ என்று கேட்டு, அந்த உயரத்தை ஒரு முளையில் குறித்துக்கொள்ளுங்கள். பிற்பாடு தரைமட்டத்தை முடிவு செய்ய இந்தக் குறி வேண்டும்.

சரிவை அளக்கப் பெரிய கருவி தேவையில்லை. ஒளி ஊடுருவும் டியூபில் தண்ணீர் நிரப்பி, உள்ளே காற்றுக்குமிழி இல்லையென்று உறுதி செய்துகொண்டு, இரண்டு முனைகளையும் இரண்டு கம்புகளில் கட்டிப் பிடியுங்கள். இரண்டு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். கம்பின் அடியிலிருந்து நீர்மட்டம் வரை இரு பக்கமும் அளந்து கழித்தால் அதுதான் உயர வேறுபாடு. 10 அடிக்கு ஒரு புள்ளி வீதம் எடுத்து ஒரு தாளில் எழுதினால், எந்த எந்திரமும் இல்லாமல் நிலத்தின் மேடு பள்ளம் கையில் வந்துவிடும்.

அடுத்தது மண். வீடு வரக்கூடிய இடத்தில் குறைந்தது மூன்று சோதனைக்குழிகள், ஒவ்வொன்றும் 5 முதல் 6 அடி ஆழம். பக்கவாட்டில் மண் அடுக்குகளைப் பாருங்கள். மேலே வேரும் மக்கும் கலந்த மண், அதன்கீழே கெட்டியான செம்மண்ணோ சரளையோ வந்தால் நல்லது. குழிக்குள் செங்கல் துண்டு, பிளாஸ்டிக், சாம்பல் தென்பட்டால் யாரோ பள்ளத்தை மூடியிருக்கிறார்கள் என்று பொருள். கொட்டிய மண்மேல் அஸ்திவாரம் நிற்கவே கூடாது. கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்து, மழையில் பசையாக ஒட்டும் கரிசல் வகைக் களிமண்ணாக இருந்தால் அந்த இடத்திலேயே நின்று ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அழையுங்கள். அந்த மண் ஈரத்தில் விரிந்து, காய்ந்தால் சுருங்கும். ஆண்டுக்கு ஒருமுறை சுவரைத் தூக்கி இறக்கும் மண் அது. மற்ற மண்ணுக்குப் போடும் அஸ்திவாரத்தை அங்கே போட்டால் கதவு மூலைகளிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை: கண்ணாடி ஜாடியில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் ஒன்றிரண்டு நிமிடத்தில் அடியில் படியும், வண்டல் சில மணி நேரத்தில் படியும், களி ஒரு நாளுக்கு மேலும் கலங்கலாகவே நிற்கும். மூன்று அடுக்கின் தடிமனும் அந்த மண்ணின் சேர்மானத்தைக் காட்டிவிடும்.

கழிவுநீர்தான் முதல் முடிவு

சாக்கடை இணைப்பு இல்லாத இடத்தில், வீட்டின் இடத்தைத் தீர்மானிப்பது உறிஞ்சுகுழியின் இடம், அதாவது செப்டிக் டேங்கிலிருந்து வழியும் நீரை மண்ணுக்குள் இறக்கும் குழியின் இடம். அதை வைக்க நினைக்கும் பகுதியில் நீர் இறங்கும் வேகத்தை அளந்து பாருங்கள். உறிஞ்சுகுழி வேலை செய்யும் ஆழத்தில் ஓர் அடி அகலக் குழி வெட்டி, அடியில் 2 அங்குலம் சின்ன ஜல்லி போட்டு, நீர் நிரப்பி இரவு முழுக்க ஊற விடுங்கள். மறுநாள் ஜல்லிக்கு மேல் 6 அங்குலம் நீர் ஊற்றி, ஒவ்வோர் அங்குலம் இறங்கவும் எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். அங்குலத்துக்கு 30 நிமிடத்துக்குள் இறங்கினால் உறிஞ்சுகுழி போதும். 30 முதல் 60 நிமிடம் ஆனால் ஆழம் குறைந்த நீளமான உறிஞ்சு வாய்க்கால் வேண்டும். 60 நிமிடத்தையும் தாண்டினால் அந்த மண் நீரை வாங்காது. மேடு கட்டிய வடிகட்டி மாதிரி வேறு ஏற்பாடு தேவை. ஒரு நிமிடத்துக்குள்ளேயே குபுகுபுவென்று இறங்கினாலும் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. கழிவுநீர் சுத்தமாகாமலேயே நிலத்தடி நீரில் போய்ச் சேரும். ஊற விடாமல் காய்ந்த மண்ணில் அளந்தால் எல்லா மண்ணும் நல்ல மண்ணாகவே காட்டும். அதனால்தான் அந்த ஓர் இரவு.

உறிஞ்சுகுழிக்கும் குடிநீர்க் கிணறு அல்லது ஆழ்துளைக் கிணற்றுக்கும் இடையே 100 அடி விடுங்கள். பக்கத்து நிலத்துக்காரரின் கிணற்றையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள், அவரும் அதைத்தான் குடிக்கிறார். சரிவில் கிணறு மேலே, உறிஞ்சுகுழி கீழே. குழியின் அடிப்பகுதிக்கும் மழைக்கால நிலத்தடி நீர்மட்டத்துக்கும் நடுவே குறைந்தது 6 அடி மண் வேண்டும். வீட்டுச் சுவரிலிருந்து செப்டிக் டேங்க் 10 அடி, உறிஞ்சுகுழி 20 அடி தள்ளியிருக்கட்டும்.

ஐந்து பேர் வசிக்கும் வீட்டுக்கு, நீர் நிற்கும் கொள்ளளவு 2,000 லிட்டருக்குக் குறையாத செப்டிக் டேங்க் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளூர் விதி அதிகம் கேட்டால் அதுவே கணக்கு. உள்ளளவு 6 அடி நீளம், 3 அடி அகலம், நீர் ஆழம் 4 அடி என்றால் 72 கன அடி, அதாவது சுமார் 2,040 லிட்டர். நீர்மட்டத்துக்கு மேல் ஓர் அடி காற்றிடம் விடுங்கள். நடுவில் தடுப்புச்சுவர்: முதல் அறை 4 அடி, இரண்டாவது 2 அடி. நீர் நுழையும் குழாய், வெளியேறும் குழாயைவிட 2 முதல் 3 அங்குலம் உயரத்தில் இருக்க வேண்டும். இரண்டு முனையிலும் டி வடிவ இணைப்பு போட்டு, அதன் கால் நீருக்குள் ஓர் அடிக்குக் குறையாமல் இறங்கி நிற்கட்டும். அந்த டி இல்லாவிட்டால் மேலே மிதக்கும் கசடு நேராக உறிஞ்சுகுழிக்குப் போய் மண்ணின் துளைகளை அடைக்கும். ஓரிரு மழைக்காலத்தில் குழி நிரம்பி வழிவதற்கு முதல் காரணம் பெரும்பாலும் இதுதான். ஒவ்வோர் அறைக்கும் திறக்கும் மூடி வையுங்கள், கழிவு அள்ளும் லாரி பக்கத்தில் வந்து நிற்க வழியும் விடுங்கள். மழைநீரை மட்டும் இந்தத் தொட்டிக்குள் விடாதீர்கள்.

வீட்டிலிருந்து தொட்டிக்கு வரும் 4 அங்குலக் குழாய்க்கு அடிக்குக் கால் அங்குலம் இறக்கம் வேண்டும். தொட்டி 40 அடி தள்ளியிருந்தால் குழாய் 10 அங்குலம் இறங்கியிருக்கும். வீட்டை நிலத்தின் பள்ளத்தில் வைத்துத் தொட்டியை மேட்டில் வைத்தால், நிலம் ஏற ஏறக் குழாய் இறங்கி, தொட்டி 6 அடி ஆழத்தில் புதைய வேண்டிவரும். கழிவுநீர் இறங்கும் திசையும் நிலம் இறங்கும் திசையும் ஒன்றாக இருந்தால் பாதி வேலை குறைந்தது.

மனைப்படம்

இப்போது ஒரு தாளில், 1 அங்குலத்துக்கு 10 அல்லது 20 அடி என்ற அளவில் நிலத்தை வரையுங்கள். எல்லை, விட வேண்டிய இடைவெளி, சரிவின் திசை, மரங்கள், நீர் தேங்கும் இடம் எல்லாவற்றையும் போடுங்கள். கிணறு, உறிஞ்சுகுழி, பாதை, மின்கம்பம் வரும் புள்ளி ஆகிய நான்கையும் வைத்த பிறகு வீட்டை அட்டையில் வெட்டி, தாள்மேல் நகர்த்திப் பாருங்கள்.

வீட்டுக்கு ஏற்றது, நிலத்தின் உச்சிக்குச் சற்றுக் கீழே உள்ள கெட்டியான இடம். உச்சியில் வைத்தால் காற்று அடிக்கும், தண்ணீரை மேலேற்ற வேண்டும். அடியில் வைத்தால் ஊர் மழைநீர் முழுக்க வாசலுக்கு வரும். வாகனப் பாதை 12 அடி அகலம் இருக்கட்டும். நேர்வழியில் இந்த அகலம் போதும், திருப்பத்தில் போதாது. சுமையோடு வரும் லாரி வளைவதற்கு அங்கே அகலத்தைக் கூட்ட வேண்டும். பாதையின் குறுக்கே மழைநீர் ஓடும் இடங்களில் மண் கொட்டும் முன்பே குழாய் பதியுங்கள். ஜல்லி, மணல், செங்கல் இறக்கவும் கம்பி வளைக்கவும் வீட்டின் பரப்புக்குச் சமமான இடம் பாதையோரத்தில் காலியாக இருக்க வேண்டும். அஸ்திவாரம் தோண்டிய மண்ணைக் கொட்டவும் இடம் வேண்டுமென்பது தோண்டிய பிறகுதான் பலருக்கு நினைவுக்கு வரும்.

மின்கம்பத்திலிருந்து தூரம் இரட்டித்தால், அதே கேபிளில் மின்னழுத்த இழப்பும் இரட்டிக்கும். மோட்டார் திணறி எரிவது இதனால்தான். தூரத்தைச் சொல்லி, கேபிள் தடிமனை மின்பணியாளரிடம் கணக்கிட்டு வாங்குங்கள். பெரிதாக வளரும் மரத்துக்கும் வீட்டுக்கும் இடையே அந்த மரம் எட்டக்கூடிய உயரத்தளவு தூரம் விடுவது நல்லது, களிமண் நிலத்தில் அது கட்டாயம். வேர் மண்ணின் ஈரத்தை உறிஞ்ச, அந்தப் பக்கத்து அஸ்திவாரம் மட்டும் இறங்கும்.

வீடு எந்தத் திசை பார்க்க வேண்டும்? வெப்பமான பகுதியில் வீட்டின் நீளம் கிழக்கு மேற்காக ஓடட்டும். காலையிலும் மாலையிலும் தாழ்வாக வரும் வெயிலைச் சன்னல் மேல் வெளியே நீட்டிய சிறு கான்கிரீட் பலகையான சஜ்ஜாவால் தடுக்க முடியாது. கிழக்கு, மேற்குச் சுவர்கள் குட்டையாக இருப்பதுதான் வழி. மேற்குப் பக்கம் குளியலறை, பொருள் வைப்பறை, மாடிப்படி வந்தால் படுக்கையறை தப்பும். குளிர்ப் பகுதியில் கணக்கு வேறு: அதிகம் புழங்கும் அறைகள் வட அரைக்கோளத்தில் தெற்கையும், தென் அரைக்கோளத்தில் வடக்கையும் பார்க்க வேண்டும்.

வீட்டு வரைபடம்

30க்கு 40 அடி வெளியளவு கொண்ட வீட்டை எடுத்துக்கொள்வோம். 1,200 சதுர அடி. 9 அங்குல வெளிச்சுவர் மட்டுமே அதில் 103 சதுர அடியைத் தின்றுவிடும். உட்சுவர்கள் தனி. கட்டக்காகிதத்தில் 10க்கு 10 என்று அறைகளை அடுக்கி வரைந்துவிட்டு, சுவர் தடிமனை மறந்து, கடைசி அறை 8 அடியாகச் சுருங்கிய வீடுகள் நிறைய உண்டு. சுவரை ஒற்றைக் கோடாக வரையாமல், இரண்டு கோடாக அளவோடு வரையுங்கள்.

அறையின் அளவை அதில் வைக்கப்போகும் பொருள்தான் முடிவு செய்ய வேண்டும். 5க்கு 6½ அடி கட்டிலை 10க்கு 12 அறையில் போட்டால் இரு பக்கமும் 2½ அடி நடைவழி. கால்மாட்டில் 5½ அடி மிஞ்சும், அதில் 2 அடி அலமாரி போக 3½ அடி. 10க்கு 10 அறையில் அந்த அலமாரி வைத்தால் கதவு திறக்கத் தடுமாறும். சமையலறையில் மேடை 2 அடி ஆழம். இருபுறமும் மேடை வேண்டுமானால் நடுவே 4 அடி விட்டு, அறையின் அகலம் 8 அடி. குளியலறையும் கழிப்பறையும் சேர்ந்தது 5க்கு 8 அடி இருந்தால் வசதி. கதவு திறந்தால் எதன்மேல் இடிக்கும், விளக்குச் சுவிட்ச் கதவுக்குப் பின்னால் மறைகிறதா என்று ஒவ்வொரு கதவாக வளைவுக்கோடு போட்டுப் பாருங்கள்.

ஈரம் புழங்கும் அறைகளை ஒரே பக்கம் சேருங்கள், முடிந்தால் முதுகோடு முதுகாக. குழாய் நீளம் குறையும், அடைப்பு எடுப்பதும் சுலபம். சன்னல்களின் பரப்பு அறையின் தரைப்பரப்பில் எட்டில் ஒரு பங்குக்குக் குறையாமல், இரண்டு வெவ்வேறு சுவர்களில் இருக்கட்டும். ஒரே சுவரில் எத்தனை பெரிய சன்னல் வைத்தாலும் காற்று உள்ளே வந்து வெளியேற வழி இருக்காது.

மாடிப்படி வைப்பதானால் கணக்கை முதலிலேயே போடுங்கள். தரையிலிருந்து மேல்தரை வரை 10 அடி என்றால் 120 அங்குலம். 18 ஏற்றங்கள் வைத்தால் ஒவ்வொன்றும் 6.67 அங்குலம். 10 அங்குல மிதிபடியோடு பாதியில் திரும்பும் படியாக அமைத்தால், ஒரு பக்கம் 9 ஏற்றம், 8 மிதிபடி, நீளம் 6 அடி 8 அங்குலம். திரும்புமிடத்துக்கு 3 அடி. இதை விட்டுவிட்டுப் பின்னால் செருகினால் படி ஏணி மாதிரி நிமிர்ந்துவிடும்.

வரைபடம் முடிந்ததும் நிலத்தில் சுண்ணாம்புத் தூளால் அறைகளை அசலளவில் போட்டு, உள்ளே நடந்து பாருங்கள். வெட்டவெளியில் எல்லா அறையும் சின்னதாகத்தான் தெரியும், அதைக் கண்டு பயந்து பெரிதாக்க வேண்டாம். நாற்காலியும் கட்டிலும் கொண்டுவந்து போட்டுப் பார்த்து முடிவெடுங்கள்.

நூல் கட்டுதல்

வரைபடத்தை முளையும் நூலும் வைத்து நிலத்தில் குறிக்கும் வேலை இது. இதற்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். தவறு நடந்தால் தரை ஓடு பதிக்கிற அன்றைக்குத்தான் தெரியும், அப்போது ஒன்றும் செய்ய முடியாது.

1. செடி, வேர், மேல்மண் 6 அங்குலம் வழித்தெடுத்துத் தனியாகக் குவியுங்கள். பின்னால் தோட்டத்துக்கு உதவும், தரைக்கு அடியில் போட உதவாது.

2. எல்லைக் கோட்டிலிருந்து அளந்து, வீட்டின் முன்சுவர்க் கோட்டுக்கு இரண்டு முளை அடியுங்கள். முளைத் தலையில் ஆணி. அளவெல்லாம் ஆணியிலிருந்து ஆணிக்கு.

3. முதல் மூலையில் செங்கோணம் எடுக்க 3-4-5 கணக்கு: மூலையிலிருந்து ஒரு பக்கம் 3, மறுபக்கம் 4 அளந்தால், அந்த இரண்டு புள்ளிக்கும் இடையே 5 வர வேண்டும். 3, 4 அடி வைத்து எடுத்தால் சின்னப் பிழை 40 அடியில் பெரிதாகிவிடும். 9-12-15 அடி வைத்துக்கொள்ளுங்கள், இடம் இருந்தால் அதற்கும் பெரிதாக.

4. நான்கு மூலையும் வந்ததும் மூலைவிட்டம் இரண்டையும் அளங்கள். 30க்கு 40 அடி வீட்டுக்கு அது சரியாக 50 அடி. இரண்டுக்கும் வித்தியாசம் அரை அங்குலத்துக்கு மேல் இருந்தால் முளையை நகர்த்தி மறுபடி அளங்கள்.

5. தோண்டும் விளிம்பிலிருந்து 3 முதல் 4 அடி வெளியே, மூலைக்கு இரண்டிரண்டாகப் பலகைச் சட்டங்கள் அடியுங்கள். மூலை முளைகள் தோண்டும்போது போய்விடும். இந்தச் சட்டத்தில் அடித்த ஆணிகள்தான் மிஞ்சும். சுவரின் நடுக்கோடு, சுவர் விளிம்புகள், தோண்டும் விளிம்புகள் என்று தனித்தனி ஆணி அடித்து, எது எதுவென்று பெயிண்டால் எழுதுங்கள்.

6. உட்சுவர்களை ஒரே முனையிலிருந்து தொடர் அளவாகக் குறியுங்கள்: 10 அடி 9, 21 அடி 6 என்று. அறை அறையாக டேப்பைத் தூக்கித் தூக்கி வைத்தால் ஒவ்வொரு முறையும் கால் அங்குலம் கூடி, கடைசிச் சுவர் நகர்ந்துவிடும்.

7. எல்லாச் சட்டங்களுக்கும் டியூப் மட்டம் பிடித்து ஒரே உயரம் குறியுங்கள். வேலை முடியும்வரை அசையாத ஒரு கல்லில் முதன்மை மட்டக்குறியும் வையுங்கள்.

அஸ்திவாரம்

நல்ல கெட்டி மண், ஒற்றைத் தளம், பெரிய திறப்புகள் இல்லை என்றால் சுமைதாங்கும் சுவர் வீடே போதும். மண் பலவீனம், மாடி வரப்போகிறது, அகலமான கூடம் என்றால் தூண், பீம் அமைப்பு. நிலநடுக்கம் வரக்கூடிய பகுதியில் இரண்டில் எதைச் செய்தாலும் கம்பி விவரம் பொறியாளர் கையெழுத்தோடு வர வேண்டும். பக்கத்து வீட்டு அஸ்திவாரத்தைப் பார்த்துப் போடும் வழக்கம் பக்கத்து வீட்டு மண்ணுக்குத்தான் பொருந்தும்.

ஆழம் 3 அடிக்குக் குறைய வேண்டாம். ஆனால் உண்மையான அளவு அடி கணக்கில் இல்லை: மேல்மண்ணையும் கொட்டிய மண்ணையும் தாண்டி, கெட்டி அடுக்கில் போய் உட்கார வேண்டும். மண் உறையும் குளிர்ப் பகுதியில் உறையும் ஆழத்துக்கும் கீழே போக வேண்டும். சரிவு நிலத்தில் அடிமட்டத்தைச் சரிவாக விடாமல் படி படியாக வெட்டுங்கள். மேல்படி கீழ்ப்படிமேல் படியின் உயரத்தைப்போல் இரு மடங்காவது, ஓர் அடிக்குக் குறையாமல் ஏறி நிற்கட்டும். தெரியாமல் அதிகம் தோண்டிவிட்டால் மண் போட்டு நிரப்பாதீர்கள், மெலிந்த கான்கிரீட்டால் நிரப்புங்கள். மழை பெய்து குழியில் சேறு நின்றால், வழித்தெடுத்த பிறகே 1:4:8 (சிமென்ட், மணல், ஜல்லி) கலவையில் 4 முதல் 6 அங்குல அடிக்கான்கிரீட். கரையான் உள்ள மண்ணில், மருந்து அடிக்க வேண்டிய முதல் கட்டமும் இதுதான். கட்டி முடித்தபின் தரையைத் துளைத்து ஊற்றுவது பாதி பலன்கூடத் தராது.

தரைமட்டம் சுற்றுநிலத்திலிருந்து குறைந்தது 18 அங்குலம் உயரட்டும். வெள்ளக்குறி இருந்தால் அதற்கு மேல் ஓர் அடி. தரைமட்டத்தில் சுவர்களுக்கு அடியில் ஓடும் பிளிந்த் பீமுக்குக் கான்கிரீட் போடும் முன் கழிவுநீர், குடிநீர், மின்கேபிள் போகும் இடங்களில் ஒரு சுற்றுப் பெரிய குழாய்த் துண்டுகளைச் செருகி வையுங்கள். வரைபடத்தில் கழிப்பறை எங்கே என்று முன்பே முடிவு செய்திருந்தால் இது ஐந்து நிமிட வேலை. இல்லையென்றால் பின்னால் பீமை உடைத்துக் கம்பியை அறுப்பார்கள்.

அஸ்திவாரச் சுவர்களுக்கு உள்ளே மண் நிரப்புவதில்தான் அதிகம் ஏமாற்றம். 6 அங்குலம் போட்டு, நனைத்து, திம்சு (மண்ணை இடித்து இறுக்கும் கனமான கட்டை) அடித்து, அடுத்த 6 அங்குலம். இரண்டடி மண்ணை ஒரேயடியாகக் கொட்டித் தண்ணீர் விட்டால் மேற்பகுதி இறுகும், அடியில் பொய்யாக நிற்கும். பிறகு தரை ஓடு தட்டினால் டொக் டொக்கென்று சத்தம் கேட்கும். பிளிந்த் மட்டத்தில் எல்லாச் சுவர்மீதும் ஒன்றரை அங்குல ஈரத்தடுப்புக் கான்கிரீட், நீர்க்கசிவுத் தடுப்பு மருந்து கலந்து. இதை விட்டால் சுவரில் அடியிலிருந்து இரண்டு மூன்று அடிக்கு உப்புப் பூத்துக்கொண்டே இருக்கும், எந்தப் பெயிண்டும் நிற்காது.

சுவர்

செங்கல்லைக் குமிழி நிற்கும்வரை ஊற வையுங்கள். காய்ந்த கல் கலவையின் நீரை உறிஞ்சி இணைப்பைப் பொடியாக்கிவிடும். சிமென்ட், மணல் கலவை 9 அங்குலச் சுவருக்கு 1:6, நாலரை அங்குலத் தடுப்புக்கு 1:4. நாளொன்றுக்கு 5 அடி உயரத்துக்கு மேல் ஏற்ற வேண்டாம். 9 அங்குலச் சுவர் 100 சதுர அடிக்கு வழக்கமான அளவுச் செங்கல் ஏறத்தாழ 1,050 பிடிக்கும். உடைசலுக்கு 5 விழுக்காடு சேருங்கள். கதவு, சன்னல் திறப்பின் மேல் வரும் லிண்டல் பீம், திறப்பின் இருபுறமும் 6 அங்குலத்துக்குக் குறையாமல் சுவர்மேல் உட்கார வேண்டும். ஏழு நாள் நனைப்பு.

கூரைத் தளம்

1,000 சதுர அடி, 5 அங்குலத் தளம் என்றால் 417 கன அடி கான்கிரீட், சுமார் 11.8 கன மீட்டர். 1:1½:3 கலவையில் சிமென்ட் 95 மூட்டை, மணல் 180 கன அடி, ஜல்லி 355 கன அடி. மூட்டைக்கு 25 லிட்டர் வீதம் கலவைக்கு மட்டும் 2,400 லிட்டர் தண்ணீர். பிறகு பாத்தி கட்டி 2 அங்குலம் நீர் நிறுத்த ஒருமுறைக்கு 4,700 லிட்டர். கிணறும் மின் இணைப்பும் வீட்டுக்கு முன்பே வர வேண்டும் என்பதற்கு இந்தக் கணக்கு ஒன்றே போதும்.

மணல் ஈரமாக இருந்தால் உப்பி, பெட்டி அளவில் கால் பங்கு வரை அதிகம் காட்டும். அதற்கேற்பக் கூட்டிப் போட்டு, தண்ணீரைக் குறையுங்கள். கடல் மணல் வேண்டவே வேண்டாம், உப்பு கம்பியைத் தின்னும். ஜாடியில் மணலைக் கரைத்து வைத்தால் மேலே படியும் தூசு அடுக்கு மொத்த உயரத்தில் 8 விழுக்காட்டைத் தாண்டினால் கழுவாமல் பயன்படுத்தாதீர்கள்.

கான்கிரீட் போடும் முன்தினம் மாலை, சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் தற்காலிகப் பலகைத் தளம்) மேலேறிப் பார்க்க வேண்டியவை: முட்டுகள் சேற்றில் நிற்காமல் பலகைமேல் நிற்கின்றனவா, பலகை இடுக்கில் வெளிச்சம் தெரிகிறதா, கம்பிக்கு அடியில் அதைப் பலகையிலிருந்து தூக்கி நிறுத்தும் 20 மில்லிமீட்டர் கவர் பிளாக் கட்டி இருக்கிறதா, விளக்குப் பெட்டிகளும் மின்குழாய்களும் வரைபடப்படி வந்துவிட்டனவா. சுவர்களின் மேல் வரும் மேற்கம்பியை ஆட்கள் மிதித்து அடியோடு அமுக்கிவிடுவார்கள். நடக்கத் தனிப் பலகை போடச் சொல்லுங்கள், மேற்கம்பியைத் தாங்கும் வளைத்த கம்பி நாற்காலி வைக்கச் சொல்லுங்கள். தளம் வேலை செய்வது அந்தக் கம்பி இருக்கும் உயரத்தில். கீழே போய்விட்டால் சுவரோரம் மேற்பரப்பில் வரிசையாக விரிசல் விழும்.

தொடங்கினால் முடிக்கும்வரை நிறுத்தக் கூடாது. ஊர்ப்புறத்தில், கான்கிரீட்டை அதிர்வால் இறுக்கும் வைப்ரேட்டர் கெட்டால் மாற்று வர அரை நாள் ஆகும், அதற்குள் பழைய கான்கிரீட் இறுகி, இணைப்பில் ஒழுகும். இன்னொரு வைப்ரேட்டரும், மழைக்குத் தார்ப்பாயும், எரிபொருளும் கையில் இருக்கட்டும். கலவை இறுக்கமாக இருக்கிறதென்று ஆட்கள் தண்ணீர் ஊற்றும்போது தடுங்கள். வேலை சுலபமாகும், வலு குறையும். சுவருக்குச் சுவர் 15 அடிக்குட்பட்ட தளத்துக்கு முட்டு 7 நாள் நிற்கட்டும், அதற்கு மேல் 14 நாள். 20 அடிக்கு மேற்பட்ட பீமுக்கு 21 நாள். குளிர்காலத்தில் இன்னும் நீட்டுங்கள். நீர் நிறுத்துவது குறைந்தது 7 நாள், வெயிலென்றால் 10 முதல் 14.

மேற்கூரைக்கு 10 அடிக்கு ஓர் அங்குலத்துக்குச் சற்றே கூடுதலான வாட்டம், 400 சதுர அடிக்கு ஒரு 4 அங்குல மழைநீர்க் குழாய். 25 மில்லிமீட்டர் மழைக்கு 1,000 சதுர அடிக் கூரை சுமார் 2,300 லிட்டர் தரும். அதைத் தொட்டியில் பிடியுங்கள், அல்லது சுவரிலிருந்து குறைந்தது 10 அடி தள்ளி விடுங்கள். வீட்டைச் சுற்றி முதல் 10 அடிக்கு நிலம் 6 அங்குலம் வெளிப்பக்கம் சரியட்டும். மேட்டுப் பக்கத்தில் ஒரு வாய்க்கால் வெட்டி, வரும் நீரை இருபக்கமும் பிரித்து அனுப்புங்கள். 1,000 லிட்டர்த் தண்ணீர்த் தொட்டி ஒரு டன் எடை. தளத்தின் நடுவில் வைக்காமல் சுவர்கள் சந்திக்கும் இடத்தின்மேல் மேடை கட்டி வையுங்கள்.

மண்ணும் பூச்சும் மூடும் முன், எல்லாக் குழாய்களையும் மின்தடங்களையும் டேப் விரித்து வைத்துப் படமெடுங்கள். செப்டிக் டேங்க் மூடி, குழாய் வளைவுகள், கேபிள் தடம் ஒவ்வொன்றுக்கும் வீட்டின் இரண்டு மூலைகளிலிருந்து தூரம் அளந்து மனைப்படத்தில் எழுதுங்கள். ஒரே மூலையிலிருந்து அளந்தால் திசை தெரியாது. இரண்டு அளவு இருந்தால், பத்து வருடம் கழித்துப் புல் மூடிக் கிடந்தாலும் இரண்டு டேப்புகள் சந்திக்கிற இடத்தில் தோண்டினால் மூடி கிடைக்கும்.